‘கேஷ்’ நம்ம காசிலிருந்து வந்ததா, இல்லையா?

ஏட்டுச்சுவடி கேட்டது:

பள்ளி ஆண்டு மலரில் “ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள்” என்று ஒரு பக்கம் போடுகிறோம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி பற்றிச் சண்டை இல்லை. “காசு – கேஷ்” என்ற வரியில்தான் வண்டி நின்றுவிட்டது. அது லத்தீன் வழி வந்தது, எடுத்துவிடுங்கள் என்கிறார் ஆங்கில ஆசிரியர். தமிழாசிரியரோ ஓர் ஆங்கில அகராதியின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் ‘தமிழ் காசு’ என்று தெளிவாகவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் போலிப் படம் இல்லை, நிஜ அகராதிதான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அச்சுக்குப் போகும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்? எப்படி எழுதினால் இருவரும் ஒப்புக்கொள்வார்கள்?

சொல்வேர் எழுதியது:

அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். தலைச்சொல்லின் தோளில் பொடியாக 2 என்ற எண் இருக்கும். அல்லது பக்கத்தில் “பெயர்ச்சொல் 2” என்று இருக்கும். எழுத்துக்கூட்டு ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் உள்ள சொற்களுக்கு அகராதிகள் இப்படித்தான் எண் போட்டுத் தனித்தனிப் பதிவு தரும். ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் இரண்டிலுமே கேஷுக்கு இரண்டு பதிவுகள். தமிழாசிரியர் இரண்டாம் பதிவைப் படமெடுத்திருக்கிறார், ஆங்கில ஆசிரியர் முதல் பதிவைப் படித்திருக்கிறார். இருவர் சொல்வதும் சரி, ஆனால் இருவரும் பேசுவது ஒரே சொல்லைப் பற்றி இல்லை.

முதல் கேஷ், கையில் இருக்கும் ரொக்கம். இன்று உலகம் முழுக்கப் புழங்குவது இதுதான். லத்தீனில் ‘கப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியனில் ‘காஸ்ஸா’ ஆகி, பணப்பெட்டியைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் ஆங்கிலத்திலும் அதற்குப் பணப்பெட்டி என்ற பொருள் இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் பணத்தையும் அதே சொல்லால் சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி மறைந்து பணம் மட்டும் மிஞ்சியது. இது விசித்திரமான மாற்றம் இல்லை. நம் கடைக்காரர் ‘கல்லா’ என்பது பணம் போடும் பெட்டியைத்தான், ஆனால் “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்டால் யாரும் பெட்டியின் நீள அகலத்தைச் சொல்வதில்லை.

இரண்டாவது கேஷ், ஆசியாவின் சில சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். தென்னிந்தியாவின் செப்புக்காசு, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயம், சுமத்திராவிலும் சாவகத்திலும் (ஜாவா) புழங்கிய பொடிக்காசு எல்லாவற்றையும் ஆங்கிலேயர் இப்படித்தான் சொன்னார்கள். இது ‘கைஷா’ என்ற போர்த்துகீசிய வடிவத்தின் வழி வந்தது. அந்தக் கைஷாவின் மூலம் நம் ‘காசு’. இந்தப் பதிவில் சந்தேகமே வேண்டாம். 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் இதையேதான் சொல்கிறது. கொங்கணி வடிவம் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்ற சிறு ஐயத்தை மட்டும் பக்கத்தில் வைக்கிறது.

குழப்பத்தின் முடிச்சு அந்தக் கைஷாவில் இருக்கிறது. போர்த்துகீசிய மொழியில் ‘கைஷா’ என்றாலே பெட்டி. அதுவும் லத்தீன் கப்ஸாவின் பிள்ளைதான். இந்தியாவுக்கு வந்த போர்த்துகீசியர் ‘காசு’ என்று காதில் விழுந்ததை, ஏற்கெனவே தங்களுக்குத் தெரிந்த ‘பெட்டி’யின் எழுத்துக்கூட்டிலேயே எழுதினார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயரிடமும் ரொக்கத்துக்கு ஒரு கேஷ் தயாராக இருந்தது. இப்படி இரண்டு மொழியில் இரண்டு தடவை இரு சொற்களும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. பார்த்தவர்கள் ஒரே ஆள் என்று நினைத்ததில் வியப்பில்லை.

மூத்தகுடி எழுதியது:

அகராதி எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள், லத்தீனுக்குத்தான் முதல் மரியாதை தருவார்கள். ரோமானியர் 2000 வருடத்துக்கு முன்பே முசிறிக்கு வந்து மிளகு வாங்கினார்கள். அப்போதே ‘காசு’ ரோமுக்குப் போய் கப்ஸா, காஸ்ஸா ஆகியிருக்கலாமே? ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

சொல்வேர் எழுதியது:

ஒலியும் பொருளும் ஒத்துப்போவது விசாரணையின் தொடக்கம்தான். அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை சில உண்டு, அவற்றில்தான் இந்தக் கதை உடைகிறது.

முதலில் பொருள். ரோமில் கப்ஸா என்பது பணத்தோடு ஒட்டிய சொல்லே இல்லை. சுருட்டி வைத்த ஏடுகளை நிமிர்த்தி வைக்கும் உருளை வடிவப் பெட்டி அது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடப் போகும் அடிமைக்கு ‘கப்ஸாரியுஸ்’ என்று பெயர். ‘பிடி, எடு’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். பணம் என்ற பொருள் பல நூற்றாண்டு கழித்து இத்தாலிய வணிகரிடம்தான் வருகிறது. காசு ரோமுக்குப் போயிருந்தால் நாணயம் என்ற பொருளோடு போயிருக்கும். ஏட்டுப் பெட்டியாகப் போய் 1000 வருடம் காத்திருந்து மறுபடி பணமாகியிருக்காது.

அடுத்து ஒலி. கப்ஸாவின் நடுவில் இருக்கும் ‘ப்’ எங்கிருந்து வந்தது? காசில் அது இல்லை. லத்தீனிலிருந்து இத்தாலியனுக்குப் போகும்போது ‘ப்ஸ்’ என்பது ‘ஸ்ஸ்’ ஆவது வாடிக்கை. ‘எழுதினேன்’ என்ற ‘ஸ்க்ரிப்ஸி’ இத்தாலியனில் ‘ஸ்க்ரிஸ்ஸி’ ஆகிறது. அதே விதியில் கப்ஸா காஸ்ஸா ஆகிறது. விதிப்படி நடக்கும் மாற்றம் ஒரு சொல்லில் மட்டும் நடக்காது, அந்த அச்சில் உள்ள எல்லாச் சொல்லிலும் நடக்கும். காசிலிருந்து கப்ஸா வர அப்படி ஒரு விதியைக் காட்ட முடியாது.

மூன்றாவது, பணம் போன திசை. முசிறி வணிகத்தில் பொன்னும் வெள்ளியும் ரோமிலிருந்து இங்கேதான் வந்தன. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அதற்குச் சாட்சி. சரக்கோடு சரக்கின் பெயர் போகும். இஞ்சி அப்படித்தான் பிராகிருதம், கிரேக்கம் வழியாக ஐரோப்பா போனது. நாம் நாணயத்தை ஏற்றுமதி செய்யவில்லை, இறக்குமதி செய்தோம்.

கடைசியாகத் தேதி. லூக்கா பச்சோலி வெனிஸில் 1494இல் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு விளக்கப்படுகிறது. அதில் ரொக்கக் கணக்கின் பெயரே ‘காஸ்ஸா’. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்தது 1498 மே மாதம். ஆக, போர்த்துகீசியர் காசு என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே வெனிஸ் வணிகர் காஸ்ஸாவில் பற்று வரவு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் பாருங்கள்: 1599ஐ ஒட்டி எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யில் ஒருவன் கடனை “கேஷாகவே தருகிறேன்” என்கிறான். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது 1600 டிசம்பர் 31. கம்பெனியின் ஆட்கள் மசூலிப்பட்டினத்துக்கு வந்தது 1611இல், சென்னையில் இடம் பிடித்தது 1639இல். லண்டன் நாடக மேடையில் ஒரு படைவீரன் வாயில் புழங்கிய சொல்லை அவர்கள் இங்கிருந்து கொண்டுபோயிருக்க வழியில்லை.

இதையெல்லாம் பார்க்காமல் எழுதினால் லத்தீன் கப்ஸா நம்ம ஊர் கப்சாவாகிவிடும்.

செப்புக்காசு எழுதியது:

சொல்வேர் சொன்ன இரண்டாம் கேஷுக்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று இருக்கிறது. மலரில் படம் போட இடம் இருந்தால் அகராதிப் பக்கத்தைவிட நாணயத்தைப் போடுங்கள்.

சென்னை மாகாணத்தில் 1818 வரை நடந்த கணக்கு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. கம்பெனியின் ஆங்கிலக் கணக்கேடுகளில் இதே மூன்றும் ‘கேஷ்’, ‘ஃபனம்’, ‘பகோடா’ என்று இருக்கும். ஃபனம் என்பது நம் பணம்தான். பழைய ஆவணத்தில் வராகன், ஃபனம், கேஷ் என்று மூன்று பத்தி போட்டுக் கூட்டியிருப்பதைப் பார்த்தால், பத்துப் பத்தாகக் கூட்டிவிடாதீர்கள். கேஷ் பத்தி 80 ஆனதும் ஃபனத்துக்கு ஒன்று ஏறும், ஃபனம் 42 ஆனதும் வராகனுக்கு ஒன்று ஏறும். விடை உதைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். 1818இல் ரூபாய்க்கு மாறியபோது வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 12 பணம், 960 காசு.

கம்பெனி இந்த நாணயத்தை இங்கிலாந்திலேயே அடித்து அனுப்பியது. பர்மிங்காம் பக்கத்தில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் 1803இலும் 1808இலும் அடித்தவை பெயர் பெற்றவை. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தும் அதன் கீழே ரோமன் எண்ணில் 20 கேஷ் என்ற மதிப்பும். அந்தப் பாரசீக வரியைப் படித்தால் ‘இருபது காஸ் நான்கு ஃபுலூஸ்’ என்று வரும். ஒரே பக்கத்தில் பாரசீகக்காரனுக்குக் ‘காஸ்’, ஆங்கிலேயனுக்குக் ‘கேஷ்’. 20 கேஷ் நாணயம் சுமார் 30 மில்லிமீட்டர் அகலம், 9 கிராமுக்குச் சற்று மேல். 10 கேஷ் அதில் பாதி எடை.

இதைவிட நல்ல சான்று மைசூரிலிருந்து கிடைக்கிறது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் வெளியிட்ட செப்பு நாணயங்கள் சிலவற்றில் கன்னடத்தில் ‘மயிலி காசு’ என்றும் ஆங்கிலத்தில் ‘மெய்லீ 20 கேஷ்’ என்றும் இரண்டையும் பொறித்திருப்பார்கள். மொழிபெயர்ப்பு நாணயத்தின் மேலேயே இருக்கிறது, வாதமே வேண்டாம். திருவிதாங்கூரில் இந்தியாவோடு சேரும் காலம் வரைக்கும் ‘ஒரு கேஷ்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட நாணயம் இருந்தது. அங்கே கணக்கு வேறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சென்னைக் கணக்கை அங்கே கொண்டுபோய்ப் போடக் கூடாது.

தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்கள் தங்கள் செப்பு நாணயத்தில் ‘காஸ்’ என்றே பொறித்தார்கள். அவர்கள் மொழியிலும் பெட்டிக்கு ‘கஸ்ஸ’ என்று கப்ஸா வழிச் சொல் உண்டு. இருந்தும் நாணயத்துக்கு அதைப் போடாமல், காதில் விழுந்ததை அப்படியே எழுதினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ‘காஷ்’ என்று எழுதினார்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1808 நாணயங்கள் நிறைய கிடைப்பதற்குக் காரணம் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து நாணயங்களை மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். கடலில் கிடந்தவற்றின் மேல்பரப்பு பொரிந்து, எழுத்து மழுங்கியிருக்கும். விலையும் அதற்கேற்பக் குறைவுதான். இதை ‘பழைய கோயில் உண்டியல் காசு’ என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். அனுமார், ராமர் பட்டாபிஷேகம் போட்டு, பின்னால் ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818, ஒரு அணா’ என்று இருக்கும் தடித்த செப்புத் துண்டுகள் எந்த நாணயச்சாலையிலும் அடித்தவை இல்லை. அவை பிற்காலப் பூஜை வில்லைகள். அதைப் படம் எடுத்து மலரில் போட்டால் பக்கமே கேலியாகிவிடும்.

ஓலைக்கணக்கு எழுதியது:

ஏன் தரங்கம்பாடியில் ‘காஸ்’, பாரசீகத்தில் ‘காஸ்’, கடைசி உகரம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. காசின் ஈற்றில் இருப்பது குற்றியலுகரம். அரை மாத்திரைதான்; உதடு குவியாது. தமிழ் தெரியாத காது ‘காஸ்’ என்று கேட்டு நின்றுவிடும். 1510இல் தன் பயண நூலை வெளியிட்ட இத்தாலியர் வர்த்தேமாவும் ‘காஸ்’ என்றுதான் எழுதினார்: ‘தாரம்’ என்ற வெள்ளி நாணயம் ஒன்றுக்கு 16 காஸ். அங்கே ‘ஷ்’ ஒலி இல்லை. அந்த ‘ஷ்’ போர்த்துகீசிய எழுத்துக்கூட்டில் ஏறியது. மலையாளத்தில் இதே சொல் ‘காஶு’ என்று ‘ஷ’கரத்துக்குக் கிட்டே ஒலிக்கும், அவர்கள் முதலில் இறங்கியதும் மலபார்க் கரையில்தான். அதனால் ‘தமிழ் காசு’ என்று அகராதிகள் சொன்னாலும், காசு தென்னிந்திய மொழிகளுக்குப் பொதுச் சொத்து என்பதை ஒரு சொல்லில் சேர்த்துவிடுங்கள். மைசூர் நாணயத்தைப் போட்டுவிட்டு ‘தமிழ்’ என்று மட்டும் எழுதினால் கன்னடம் படிக்கத் தெரிந்த பிள்ளையே கேட்பான்.

தமிழில் காசு எவ்வளவு பழையது என்பதற்கு மூன்று இடம் போதும். குறுந்தொகை 67இல் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. புது நூல் கோக்கப் போகும் பொற்கொல்லனின் கூர்நகத்தில் இருக்கும் பொற்காசு போலிருக்கிறது அது என்கிறாள் தலைவி. வேப்பம்பழம் உருண்டை. அங்கே காசு செலவழிக்கும் நாணயமாக இல்லை, நகையில் கோக்கும் பொன்மணியாக இருக்கிறது. காசுமாலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பொருள்.

அடுத்தது 7ஆம் நூற்றாண்டு. திருவீழிமிழலையில் சம்பந்தர் “வாசி தீரவே காசு நல்குவீர்” என்று பாடுகிறார். வாசி என்றால் வட்டம், நாணயத்தின் தரம் குறைந்ததற்காகக் கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் கழிவு. காசு கடைவீதியில் மாற்றுப் பார்த்து வாங்கப்படும் நாணயம் என்பது இங்கே ஐயமில்லாமல் தெரிகிறது. மூன்றாவது, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். கோயிலுக்கு முதலாக வைத்த காசை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி) செலுத்தின. எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்தக் காசு பொன். அதே பெயர் 800 வருடத்தில் வராகனுக்கு 3,360 என்ற செப்புத் துண்டுக்கு இறங்கிவிட்டது. ஆகவே “சோழர் காலக் காசுதான் ஆங்கிலத்துக்குப் போன கேஷ்” என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அடித்துவிடுங்கள். சொல் அதேதான், நாணயம் வேறு.

‘கர்ஷ’ என்ற வடமொழி எடைப் பெயரிலிருந்து காசு வந்தது என்ற கருத்தும் உண்டு. ஹாப்சன்-ஜாப்சனே அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அந்த வழக்கு இந்த மலருக்குத் தேவையில்லை. ஆங்கிலம் யாரிடம் வாங்கியது என்ற கேள்விக்கு அதனால் பாதிப்பும் இல்லை.

வடமராட்சி எழுதியது:

எங்கட பக்கம் பணம் என்று ஆரும் சொல்லுறது குறைவு, எல்லாத்துக்கும் காசுதான். கையில காசு, வங்கியில காசு, வெளிநாட்டிலயிருந்து வந்த காசு. சிங்களத்திலயும் நாணயத்துக்குக் ‘காசி’ என்ற சொல் இருக்குது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தந்ததையும் ஒருக்கால் பாருங்கோ. அவையின்ர ‘டௌட்’ என்ற செப்பு நாணயம்தான் தமிழில ‘துட்டு’. மலாய்க்காரர் இண்டைக்கும் பணத்தை ‘டூயிட்’ என்றுதான் சொல்லுவினம், அதுவும் இதே ஒல்லாந்துச் சொல்தான்.

இதில ஒரு நல்ல பொருத்தம் இருக்குது. லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தரின்ர பயண நூல் 1598இல ஆங்கிலத்தில வந்தது. சாவகத்தின்ர மேற்கில இருக்கிற சுந்தா நாட்டில புழங்குற ‘கைஷா’ என்ற செப்பு நாணயத்தைப் பற்றி அதில எழுதியிருக்கு. அளவு ஒல்லாந்து டௌட் மாதிரியாம், தடிப்பு அதில பாதிகூட இல்லையாம், நடுவில ஓட்டை, இருநூறோ ஆயிரமோ ஒரு கயிற்றில கோத்து வைப்பினமாம். காசையும் துட்டையும் பக்கத்துப் பக்கத்தில வைச்சு அளந்த வரி அது. சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில கேஷ் என்று பேர் வந்ததும் இந்த வழியிலதான். சீனர் அதை ‘வென்’ என்றுதான் சொல்லுவினம்.

மொழிபெயர்க்கிற ஆக்களுக்கு: பழைய சீனத்தைப் பற்றின ஆங்கிலப் புத்தகத்தில “முந்நூறு கேஷ் கொடுத்தான்” என்று வந்தால், “முந்நூறு ரொக்கம்” என்று போடாதையுங்கோ. முந்நூறு செப்புக்காசு என்று போட்டால் சொல்லும் தன்ர வீட்டுக்குத் திரும்பிப் போகும், பொருளும் சரியாய் இருக்கும்.

பேரேடு எழுதியது:

முதல் கேஷ் பெட்டியாகப் பிறந்தது என்பதைக் கணக்கு எழுதுகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள், பெயர் தெரியாமலே. ரொக்க ஏட்டில் வரவு இருப்பு (கிரெடிட் பேலன்ஸ்) வரவே கூடாது. பெட்டியில் 4,000 ரூபாய் இருக்கும்போது 4,500 எடுக்க முடியாது. இருப்பு பூஜ்யம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே போகாது. வங்கிக் கணக்கு மேல்பற்றில் (ஓவர்டிராஃப்ட்) போகும், ரொக்கக் கணக்கு போகாது. டாலி கணக்கு மென்பொருளில் ரொக்க இருப்பு எதிர்மறையாகச் சிவந்தால் பிழை மூன்றில் ஒன்றாக இருக்கும். வங்கியிலிருந்து எடுத்த பணத்துக்கு எதிர்ப்பதிவு போடாமல் விட்டிருப்பார்கள். ஒரே செலவுச் சீட்டை இரண்டு தடவை ஏற்றியிருப்பார்கள். அல்லது செலவை முந்தின தேதியிலும் அதற்கான வரவைப் பிந்தின தேதியிலும் எழுதியிருப்பார்கள். மாதக் கடைசி இருப்பு சரியாக இருந்தும் நடுவில் நான்கு நாள் எதிர்மறையில் நிற்பது மூன்றாவது வகை. மாத இருப்பை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது, நாள்வாரி இருப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

சில்லறை ரொக்கத்திலும் அதே பெட்டி நியாயம்தான். 5,000 ரூபாய் கொடுத்துத் தொடங்கினால், பெட்டியில் உள்ள பணமும் செலவுச் சீட்டுகளும் சேர்ந்து எப்போதும் 5,000 ஆக வேண்டும். 3,850க்குச் சீட்டு இருந்தால் கையில் 1,150; மறுபடி நிரப்பும்போது 3,850தான் தர வேண்டும். அவசரத்தில் முழு 5,000 கொடுத்துவிட்டால் பெட்டியில் 6,150 ஆகும், அடுத்த மாதம் எதுவும் பொருந்தாது.

இன்று கேஷ் என்ற சொல் ஆளுக்கு ஆள் பொருள் மாறுகிறது. கடைக்காரருக்கு ஜிபே கேஷ் இல்லை. கணக்குத் தரநிலையில் கையிருப்போடு, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் கேஷ்தான்; வாங்கிய நாளிலிருந்து சுமார் மூன்று மாதத்துக்குள் முதிரும் பத்திரங்கள் ‘கேஷுக்கு நிகரானவை’. அமெரிக்காவில் வீட்டைக் கேஷுக்கு வாங்கினார் என்றால் நோட்டுக் கட்டோடு போனார் என்று அர்த்தமில்லை, வங்கிக் கடன் போடாமல் வாங்கினார், அவ்வளவுதான். செய்தி மொழிபெயர்ப்பில் இதை ‘ரொக்கமாகக் கொடுத்து’ என்று எழுதி, கறுப்புப் பண வாடை வரச் செய்துவிடுகிறார்கள்.

சொல்வேர் எழுதியது:

பேரேடு தொட்டதால் இன்னும் கொஞ்சம். கேஷியர் என்ற பெயர்ச்சொல் கப்ஸா குடும்பம்தான். ஆனால் ஓர் இராணுவ அதிகாரியைக் ‘கேஷியர் செய்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் வந்தால் அவருக்குக் கல்லாவில் வேலை கொடுக்கவில்லை. அவமானப்படுத்திப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்த வினைச்சொல் ‘இல்லாமல் ஆக்கு’ என்ற வேறொரு லத்தீன் வினையிலிருந்து டச்சு, பிரெஞ்சு வழி வந்தது. கணினியில் ‘கேஷ் மெமரி’ என்கிறோமே, அது ஒளித்து வை என்ற பிரெஞ்சு வினை. எழுத்துக்கூட்டு வேறு, உச்சரிப்பு மட்டும் கேஷ். முந்திரிக்கு ஆங்கிலப் பெயரில் முதல் பாதி கேஷ் போலிருந்தாலும், அது பிரேசிலின் துப்பி மொழிச் சொல். போர்த்துகீசியர் கொண்டுவந்தது என்பது மட்டும்தான் பொது.

கப்ஸாவின் உண்மையான உறவினர் நம் தெருவிலேயே திரிகிறார்கள்: சூட்கேஸில் உள்ள கேஸ், பாட்டுக் கேசட், மருந்துக் கேப்சூல், லாரி சேஸிஸ். கோர்ட் கேஸ் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை, அது ‘விழு’ என்ற வினையிலிருந்து.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இரண்டு ஆசிரியர்களும் படித்துவிட்டார்கள், சண்டை ஓய்ந்தது. இப்போது இடம்தான் பிரச்சினை. ஒரு படமும் அதன் கீழே நான்கு வரியும் மட்டும்தான் கொள்ளும். எந்தப் படம், என்ன வாசகம்?

செப்புக்காசு எழுதியது:

மைசூர் 20 கேஷ் போடுங்கள், இரண்டு எழுத்தும் தெரிவதால். அருங்காட்சியகமோ நாணயச் சேகரிப்பாளரோ வெளியிட்ட படமானால் அனுமதி கேட்டு வாங்குங்கள். கையிலிருக்கும் நாணயத்தைப் படமெடுப்பதானால், பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பின் மேல் படிந்த பழுப்புப் போய்விட்டால் திரும்ப வராது, மதிப்பும் போய்விடும். ஃபிளாஷ் வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் வைத்து எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

ஓலைக்கணக்கு எழுதியது:

வாசகம் இப்படி இருக்கலாம்: “தென்னிந்தியச் செப்பு நாணயமான காசு, போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்ற நாணயப் பெயரானது. தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவற்றில் வழங்கும் இச்சொல் பின்னர் சீன நாணயத்துக்கும் பெயராயிற்று. ரொக்கம் என்ற பொருளில் இன்று வழங்கும் ‘கேஷ்’ வேறு சொல்; பெட்டி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியன், பிரெஞ்சு வழி வந்தது.” மூன்று வாக்கியம், நான்கு வரிக்குள் அடங்கும். இடம் போதாவிட்டால் இரண்டாவது வாக்கியத்தின் பின்பாதியை வெட்டுங்கள். மூன்றாவதை மட்டும் வெட்ட வேண்டாம்.